தோல் லிம்போமாவைக் குருதியில் தேடலாம்

ஆசிரியருக்கு,

என் மாமி இடுப்பில் வந்த சிவந்த தடிப்புக்கு வருஷக்கணக்காக எக்ஸிமா கிறீம்தான் பூசினார், கடைசியில் அது மைக்கோசிஸ் ஃபங்கோய்டிஸ் என்ற தோல் லிம்போமா, அதாவது வெண்குருதிக்கலங்களில் தொடங்கித் தோலில் வரும் ஒரு புற்றுநோய் என்றார்கள். 1806இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலிபேர் விவரித்த நோய்தான், ஆனால் ஆரம்பத்தில் எக்ஸிமா, சொரியாசிஸ் போலவே இருப்பதால் திரும்பத் திரும்பத் தோலை வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புற்றுக்கலங்கள் குளுக்கோசைக் கூடுதலாக உறிஞ்சி லக்டிக் அமிலத்தை வெளிவிடும், அமினோ அமிலங்களும் கொழுப்புகளும்கூட மாறலாம். இவற்றைத் திணிவு நிறமாலைமானியால் (மூலக்கூறுகளைத் திணிவை வைத்து இனங்காணும் கருவி) குருதியில் அளந்து நோயின் அடையாளத்தைத் தேடும் அனுசேப ஆய்வுகள், அதாவது உடலின் இரசாயன மாற்றங்களைப் பார்க்கும் ஆய்வுகள், வெளிநாடுகளில் நடக்கின்றன. இன்னும் வழமையான சோதனையாக வரவில்லை, சரி. அதற்காக நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்பதா? மகரகம புற்றுநோய் வைத்தியசாலையும் கொழும்பு மருத்துவ பீடமும் சேர்ந்து, சம்மதிக்கும் நோயாளிகளின் குருதி மாதிரிகளை இப்போதே சேமிக்கத் தொடங்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு