தமிழ் இலக்கியம்தான் என்று சொல்லிவிட்டேன்

காசிமேடு

அன்புள்ள மேரி,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் சுகம். நம் கடைசி பெஞ்ச் ஆட்களும் நலம்; கப்பல்காரி இன்னும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சொல்லிவிட்டேன். பி.காம். இல்லை, நர்சிங்கும் இல்லை. பி.ஏ. தமிழ் இலக்கியம்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, அப்பா வீட்டில்தான். மாமா, பெரியப்பா என்று ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து என் படிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். "நம்ம ஏரியாவுல இருந்துகிட்டு இலக்கியமா?" என்று மாமா கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. வள்ளலார் எழுகிணற்றில் குடியிருந்தவர், கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர். பட்டினத்தார் அடங்கிய இடம் நம் திருவொற்றியூர்க் கடற்கரை. இதற்கு மேல் ஓர் ஏரியாவுக்கு என்ன வேண்டுமாம்?

பிளஸ் டூ வருடம் முழுக்க நாங்கள் தமிழில் என்ன செய்தோம் தெரியுமா? மனப்பாடப் பாடல், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், புணர்ச்சி விதி. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் போட்டோம். பாட்டு என்ன சொல்கிறது என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை. இலக்கணம் எனக்குப் பிடிக்கும், அதில் குறையில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் எப்படி? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தமிழை மார்க் எடுக்கிற பாடமாக மட்டும் பார்த்துவிட்டு வெளியே போகிறார்கள். எனக்கு மனசு வலிக்கிறது மேரி.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் தமிழ் டீச்சர் அகநானூற்றை உரையோடு கொடுத்தனுப்பினார். 60-ஆம் பாட்டு, குடவாயிற் கீரத்தனார் பாடியது. இரவெல்லாம் திமில் படகில் கிடந்து மீன் பிடித்த அப்பாவுக்கு மகள் சோறு போடுகிறாள். உப்பு விற்று வாங்கிய நெல்லின் வெள்ளைச் சோறு, அதன்மேல் அயிலை மீனின் புளிக்குழம்பு, தொட்டுக்கொள்ளக் கொழுத்த மீன் துண்டு. நான் சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை அது! மணலில் விளையாடினாலே உன் ஒளி போய்விடும் என்று மகளைக் கட்டிக் காக்கிற அம்மாவும் அதே பாட்டில் வருகிறாள். சோழர்கள் குடந்தையில் வைத்த நிதிக்குக்கூட அவ்வளவு காவல் இல்லையாம். அப்படியே உங்கள் அம்மா! அவரிடம் படித்துக் காட்டு, திட்டினால் நான் பொறுப்பு.

அன்று ராத்திரி அப்பாவுக்கு அந்தப் பாட்டை வாசித்து, அர்த்தமும் சொன்னேன். அவர் வேலை என்ன கிடைக்கும் என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். "கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போய்ட்டு வந்தவனா அவன்?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் நெய்தலில், அதாவது கடற்கரைப் பாட்டுகளில், இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டார். சுறா கொம்பு, வலை உலர்த்தும் மணல், திரும்பி வராத படகுக்குக் காத்திருப்பவர்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மறுநாள் மாமா வந்தபோது, "அவ தமிழ்தான் படிக்கப் போறா" என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

வேலையைப் பற்றியும் யோசிக்காமல் இல்லை. பி.ஏ. முடித்து பி.எட்., அப்புறம் டீச்சர் வேலைக்கான தேர்வு. நம் மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த 60-ஆம் பாட்டை நானே நடத்த வேண்டும். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி பக்கம். ஆனால் மாநிலக் கல்லூரி மேல்தான் ஆசை. உ.வே.சா. 1903 முதல் 1919 வரை பாடம் நடத்திய இடம், கடற்கரையைப் பார்த்தபடி வாசலில் அவர் சிலையும் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுவேன்.

நீயும் தமிழ் எடு என்று சொல்ல மாட்டேன், உனக்குக் கணக்குதான் உயிர். ஆனால் தூத்துக்குடியில் அயிலை மீனை என்ன சொல்லி விற்கிறார்கள், குழம்புக்கு எவ்வளவு புளி விடுகிறார்கள் என்று மார்க்கெட்டில் கேட்டு எழுது. டீச்சர் கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் செல்வி