கண் முகாம் நடத்துபவர்களுக்கு, மாறுகண் பற்றி ஒரு திறந்த மடல்

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் அவசரம் புரிகிறது. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், பாதியில் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அதனால் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லி, படித்துவிட்டால் "சரி, அடுத்து" என்று அனுப்பிவிடுகிறீர்கள். மாறுகண் நழுவிப்போவது இங்கேதான்.

இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மாறுகண் குழந்தை, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகக் கடைசி வரி வரைக்கும்கூடப் படித்துவிடும். நீங்கள் 6/6, அதாவது பார்வை இயல்பு, என்று எழுதுவது பொய்யில்லை, ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது அந்த அட்டைக்குத் தெரியாது.

சிலர் டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள். இரண்டு கருவிழியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கும் இந்த ஹிர்ஷ்பெர்க் சோதனை, கைக்குழந்தைக்கு அருமையானது. ஆனால் கருவிழியில் வெளிச்சப் புள்ளி 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே கண் ஏறக்குறைய 7 டிகிரி விலகியிருக்கிறது என்று கணக்கு. அதைவிடச் சின்ன விலகலை வெறும் கண்ணால் எப்படிப் பிடிப்பீர்கள்? போதாததற்கு, வெளிச்சத்தைப் பார்க்கக் குழந்தை கண்ணைக் கூர்மையாக்க வேண்டியதே இல்லை. பிளஸ் பவர் அதிகமுள்ள குழந்தைக்குக் கூர்ந்து பார்க்கும்போது மட்டும் உள்பக்கம் திரும்பும் கண், டார்ச்சுக்கு நேராகவே நிற்கும்.

அதனால் கவர் டெஸ்ட் செய்யுங்கள். ஐஸ் குச்சியில் சின்னப் படம் ஒட்டி முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் காட்டி, "பூனைக்கு வால் எங்கே?" என்று பேச்சுக் கொடுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் இரண்டு மூன்று நொடி மூடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூடாத கண்ணை. அது வெளியிலிருந்து உள்ளே வந்தால் வெளி மாறுகண், உள்ளேயிருந்து வெளியே போனால் உள் மாறுகண். அப்புறம் மறுகண்ணை மூடி இதையே செய்யுங்கள். கையை எடுக்கும்போது மூடியிருந்த கண் லேசாக அசைவது நிறையப் பேருக்கு உள்ளதுதான், அதற்காகத் தாயைப் பயமுறுத்தாதீர்கள். மூக்கின் மேல்பகுதி அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தெரியும் குழந்தைக்கு இந்தச் சோதனையில் கண் அசையாது.

6 மீட்டர் தூரத்திலும் ஒருமுறை செய்யுங்கள், இதைத் தாண்டிவிடாதீர்கள். விட்டுவிட்டு வரும் வெளி மாறுகண் கிட்டத்தில் ஒளிந்துகொள்ளும். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறதா, களைப்பில் கண் விலகுகிறதா என்று ஆயாவிடமும் கேளுங்கள், உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். நீங்களும் தலையாட்டாதீர்கள். பிறந்த முதல் மூன்று நான்கு மாதம் எப்போதாவது கண் விலகலாம், அதற்குப் பிறகு கூடாது. விலகிய கண்ணை மூளை ஒதுக்கிவிட, அது பார்வை மங்கிய சோம்பேறிக் கண்ணாகிவிடலாம். ஏழெட்டு வயதைத் தாண்டினால் அந்தக் கண்ணில் பார்வையை மீட்பது கடினமாகிக்கொண்டே போகும். அபூர்வமாக, மாறுகண்ணுக்குப் பின்னால் விழித்திரைப் புற்றுநோய்கூட இருக்கும்.

படிவத்தில் பார்வை அளவுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: கிட்டத்தில் அசைந்ததா, தூரத்தில் அசைந்ததா. அசைந்த குழந்தையைக் குழந்தைகள் கண் மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, போனார்களா என்று அடுத்த முறை வரும்போது விசாரியுங்கள்.