உன் சைக்கிளை உரித்துவிட்டேன்

மதுரை,
நவம்பர் 9

அன்புள்ள பத்து,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். மல்லிகாவைத் தேனிக்கு மாற்றிவிட்டார்கள், சனிக்கிழமைதான் வருகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஹெர்குலிஸின் பெயின்ட்டை முழுக்க உரித்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆடி மாதம் கொல்லைக் கொட்டகையைப் பிரித்தோம். பழைய இரும்பு எடுப்பவர் வந்து, வெந்நீர் அண்டாவோடு சைக்கிளையும் சேர்த்துத் தராசில் வைக்கப் போனார். நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். புனேவுக்கு ரயில் ஏறும்போது, “ரெண்டு மாசத்தில் வந்து எடுத்துக்கிறேன்” என்றவன் நீ. அந்த ரெண்டு மாதம் எப்போது முடியும் மாப்ளே?

கழற்றவே நான்கு நாள் ஆனது. இடது பெடல் எதிர்ப்பக்கம் சுழலும் என்று பட்டறை மாமா நம் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது கைக்கு நினைவிருந்தது. பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்தான் அசையவில்லை. இரண்டு இரவு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டியதும் வந்தது. உள்ளே பால்ரஸ் குண்டு பக்கத்துக்குப் பதினொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

பெயின்ட் ரிமூவர் தடவியபோது கையுறை போட்டும் மணிக்கட்டில் ஒரு சொட்டு பட்டு எரிந்தது. ஆனால் கறுப்பு உரிந்ததும் நான் பார்த்தது இருக்கிறதே! குழாய்கள் சேரும் மூட்டுகளில் மஞ்சளாக ஒரு கோடு. பித்தளை. இரும்புக் குழாயை லக் என்கிற மூட்டுக் குழலில் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அம்பத்தூரில் யாரோ ஒருவர் கைபட்ட வேலை. இத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்து போயிருக்கிறோம், தெரியவில்லை.

பழையபடி கறுப்படித்துத் தங்கக் கோடு இழுக்கத்தான் நினைத்திருந்தேன். பிரைமர் அடித்து மொட்டைமாடிக் கொடியில் ஃபிரேமைத் தொங்கவிட்டபோது, பக்கத்தில் மல்லிகாவின் அரக்குச் சுங்குடி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு உன் அம்மா முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. உனக்கே புரிந்திருக்கும். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

முதலில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அடித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பலூன் மாதிரி இருந்தது. சேலையை எடுத்துவந்து கண்ணருகே வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட வட்டமில்லை! ஒன்று லேசாகச் சதுரம், ஒன்று கோணல், நடுவில் துளி சாயம். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாததால் வருகிற புள்ளி அது. மேலே வைக்கிற புள்ளியே இல்லை. திண்ணையில் பேசிக்கொண்டே அம்மா கிள்ளிக் கிள்ளி முடிந்துகொண்டிருப்பாரே, நாம் அதைப் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்றிருக்கிறோம். சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவரும் அவர்தான்.

ஆக, இரும்பிலும் மறைத்துத்தான் வைக்கவேண்டும். வெள்ளை அடித்து ஒரு வாரம் காயவிட்டேன். குழாயைச் சுற்றி நூல் கட்டி வரிசை பிடித்தேன். தீக்குச்சியின் பின்முனையால் ஃபெவிகால் புள்ளிகள் வைத்தேன். காய்ந்தால் வெள்ளையில் கண்ணுக்கே தெரியவில்லை, அதனால் சொட்டு நீலம் கலந்துகொண்டேன். அதன்மேல் அரக்கு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக, நான்கு தடவை. பிறகு ஈரத்துணியால் ஊறவைத்து நகத்தால் கிள்ளினால் ஃபெவிகால் வந்துவிடும், அடியில் வெள்ளை. முதல் புள்ளி வந்தபோது சத்தமாக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கோணலாக, நடுவில் லேசாகச் சிவந்து, அப்படியே அந்தச் சேலைப் புள்ளி.

எல்லாம் சுலபமாக முடியவில்லை. ஐப்பசி மழைக்கு நடுவே அவசரப்பட்டு ஒருநாள் அடித்ததில், ஈரக்காற்று பட்டு அரக்கின்மேல் சாம்பல் பூத்தது போலாகிவிட்டது. நீளக் குழாய் முழுவதையும் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்து மறுபடி அடித்தேன். ஏறத்தாழ நூற்றெண்பது புள்ளிகள் திரும்ப வைத்தேன். கோபமே வரவில்லை. அம்மா ஒரு சேலைக்கு எத்தனை முடிச்சுப் போட்டிருப்பார், எத்தனை கூலி வாங்கியிருப்பார் என்று முதல்முறையாக அன்றைக்குத்தான் யோசித்தேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்கு ஏன் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது என்றும். நாம் ஒருநாளாவது கேட்டோமா பத்து?

அப்புறம் ஒரு விஷயம் பாக்கி. சீட்டுக்குக் கீழே குழாயில், நீ காம்பஸ் முனையால் கீறிய ‘ப.ரா. 10-ஆ’ இருக்கிறது. பெயின்ட்டோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, இரும்பு வரைக்கும் கீறியிருக்கிறாய். பட்டி வைத்தால் மூடிவிடும். பிரைமர் அடித்தாலும் பாதி தூர்ந்துபோகும். ஒன்றுமே அடிக்காமல் நிறமில்லாத கிளியர் மட்டும் பூசினால் அடியில் துரு புழு மாதிரி ஊர்ந்து கிளம்பும் என்று பெயின்ட் கடைக்காரர் சொல்கிறார், சரியாகத்தான் சொல்கிறார். எனக்கு முடிவெடுக்க மனமில்லை. அது உன் கையெழுத்து.

அந்த நாலு விரற்கடை இடத்தை மட்டும் விட்டுவைத்து, தினமும் காலையில் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து வருகிறேன். மழை நிற்கவில்லை, ரொம்ப நாள் தாங்காது. என்ன செய்யட்டும் என்று உடனே எழுது. அம்மாவிடமும் ஒன்று கேள்: கரையோரம் வரும்போது முடிச்சை நெருக்கிப் போடுவாரா, இடைவெளி விடுவாரா? ஃபோர்க்கில் இன்னும் புள்ளி வைக்கவில்லை.

அன்புடன்,
சேது