மைதானம் வரட்டும், வாசலுக்கு வெளியே என்ன ஏற்பாடு? ஒண்டிப்புதூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், கோவை மாவட்ட ஆட்சியருக்கும், மாநகராட்சி ஆணையருக்கும்

வணக்கம்.

கோவையில் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் மைதானம் கட்டுவோம் என்று 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் நேரத்தில் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலத்தை அதிகாரிகளும் அமைச்சரும் வந்து பார்த்தார்கள். மைதானமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த இரவில் திருச்சி சாலை எப்படி இருக்கும் என்ற கணக்கை, டெண்டருக்கு முன்பே எங்கள் முன் வையுங்கள் என்கிறோம்.

30,000 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். அரங்கப் பாதுகாப்புக்குப் பல நாடுகளில் எடுத்தாளப்படும் பிரிட்டன் வழிகாட்டியின்படி, சமதள வழியில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டில் 66 பேர். 8 நிமிடத்தில் அரங்கம் காலியாக, வாசல்களின் மொத்த அகலம் 46 மீட்டர் வேண்டும். இதை எந்த ஆர்க்கிடெக்டும் வரைபடத்தில் போட்டுவிடுவார். சிக்கல் அதற்கு அப்புறம்தான். வெளியே இருப்பது 2 மீட்டர் நடைபாதை என்றால், நிமிடத்துக்கு 164 பேர். அதே கூட்டம் கலைய மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? சாலையில்தான் இறங்குவார்கள். அந்த நேரத்தில் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்திலிருந்து மதுரை, திருச்சி பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருக்கும்; இஎஸ்ஐ மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸும் வரும்.

பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 2025 ஜூன் 4 அன்று நெரிசலில் 11 பேர் இறந்தது கேலரிக்குள் அல்ல, வாசலுக்கு வெளியே. அதனால் காம்பவுண்டுக்கு உள்ளேயே கூட்டம் தங்கிப் போக முற்றம் விடுங்கள். பாதிக் கூட்டத்துக்கு, சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வீதம், 7,500 சதுர மீட்டர் தேவை. பின்னாளில் அதில் கடை கட்ட மாட்டோம் என்று அனுமதி ஆணையிலேயே எழுதிவையுங்கள்.

பார்க்கிங் கணக்கு இதைவிட மோசம். பாதிப் பேர் இரண்டிரண்டு பேராக பைக்கில் வந்தால் 7,500 வண்டிகள். வழிவிட்டு நிறுத்த வண்டிக்கு 3 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கினர் நான்கு நான்கு பேராக காரில் வந்தால் 1,500 கார்கள், ஒன்றுக்கு 25 சதுர மீட்டர். மொத்தம் 60,000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 15 ஏக்கர். ஆடுகளத்துக்கு 4 ஏக்கர் போதும்! இந்த 15 ஏக்கரை ஒதுக்காவிட்டால் வண்டிகள் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால்தான் நிற்கும். சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. கோவை மெட்ரோவின் முதல் கட்டத்துக்குத் திட்டமிட்டதே அவினாசி சாலையும் சத்தி சாலையும்தான். திருச்சி சாலை அதில் இல்லை. தொலைவில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற்றி வருவதாக இருந்தால், எந்த இடம், எத்தனை பேருந்து, டிக்கெட்டோடு சேர்ந்த கட்டணமா என்பதையும் சொல்லுங்கள்.

கழிவுநீர் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைக்கு 10 லிட்டர் என்றாலும் ஓர் ஆட்டத்துக்கு 3 லட்சம் லிட்டர். அது ஐந்து மணி நேரத்தில் சீராக வராது. இன்னிங்ஸ் இடைவேளையின் 20 நிமிடத்தில்தான் பெரும் பங்கு வந்து குவியும். அப்போது தாழ்வான தெருக்களில் மேன்ஹோல் பொங்கும். வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் கட்டுவோம் என்பது வழக்கமான பதில். வழக்கமான நிலையம் இங்கே சரியாக வேலை செய்வது கடினம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தினமும் கழிவு வந்தாக வேண்டும். ஆண்டில் சில நாள் மட்டும் ஆட்டம் நடக்கும் இடத்தில் அவை பட்டினியில் பெருமளவு குறைந்துவிடும். ஆட்டத்தன்று மோட்டார் ஓடும், ஆனால் கழிவுநீர் சரியாகச் சுத்தமாகாமலே வெளியேறக்கூடும். அதற்குப் பதில் 3 லட்சம் லிட்டர் தேக்கத் தொட்டி கட்டி, நள்ளிரவுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக ஒண்டிப்புதூர் மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். புல்லுக்கும் அங்கே சுத்திகரித்த நீரையே எடுங்கள். 15,000 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினாலே 75,000 லிட்டர் போகும், அதுவும் ஐபிஎல் நடக்கும் கோடையில். 2016 வறட்சியின்போது மும்பை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 30க்குப் பிந்தைய ஐபிஎல் ஆட்டங்களை மகாராஷ்டிரத்துக்கு வெளியே மாற்றச் சொன்னதை மறக்க வேண்டாம்.

மழைநீர்: 10 ஏக்கர் கான்கிரீட்டில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 20 லட்சம் லிட்டர். அதை வளாகத்துக்குள்ளேயே குட்டையில் நிறுத்துங்கள்.

ஒலி விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு, ஒலிபெருக்கிக்கும் தடை. ஐபிஎல் ஆட்டம் தொடங்குவதே 7.30க்கு, முடிய 11 தாண்டும். சில நாட்களுக்கு நள்ளிரவு வரை தரப்படும் விலக்கு கலை, சமய விழாக்களுக்கு உரியது, கிரிக்கெட்டுக்கு அல்ல. 10 மணிக்கு மேல் டிஜே உண்டா, இல்லையா? இதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் போதும். விளக்கு வெளிச்சம் ஜன்னல்களில் எவ்வளவு விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடியிருப்புப் பகுதிக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), இரவு ஊரடங்கிய பின் 2. பீளமேடு விமான நிலையம் அருகில் இருப்பதால் விளக்குக் கோபுர உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. கோபுரத்தைத் தாழ்த்தச் சொன்னால் விளக்குகள் படுக்கையாகச் சாய்ந்து, கூசும் ஒளி வீடுகளின் பக்கம் திரும்பும். அந்தச் சான்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். கட்டாயமில்லை என்றாலும் நடத்துவதற்குத் தடையில்லையே. டெண்டர் விடுவதற்கு ஒரு மாதம் முன்பாக, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வார்டு கூட்டம் போடுங்கள். போக்குவரத்து, கழிவுநீர் வரைபடங்களைத் தமிழில் ஒட்டுங்கள். அதில் கையெழுத்திட்ட பொறியாளரும், போக்குவரத்துக் காவல் அதிகாரியும் நேரில் வந்து பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் குடியிருப்போர்