தாமுவுக்கு, குடியாத்தத்திலிருந்து

குடியாத்தம்,
ஆடிக் கடைசி வெள்ளி

அன்புள்ள தாமு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். பெர்லினில் இப்போது கோடை விடுமுறை, செப்டம்பர் கடைசி வரை ஊரில்தான் இருப்பேன். வைகாசியில் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருடமும் வர முடியவில்லை. அம்மா அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

51 வயதில் ஜெர்மனிக்குப் போய்க் கலை படிக்க எப்படித் துணிந்தாய் என்று கேட்டிருந்தாய். 26 வருடம் ராணிப்பேட்டைத் தோல் ஆலையில் டிரம் சத்தத்துக்கு நடுவில் நின்றவன், ராத்திரியில் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பெரியவள் வேலைக்குப் போன மாதம் மல்லிகாதான் சொன்னாள், "இனிமேலாவது பகல்ல வரைங்களேன்" என்று. அப்புறமும் மூன்று வருடம் ஆனது. சனி, ஞாயிறு காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஜெர்மன் படித்தேன். வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுவது அந்த மொழியிலும் உண்டு. கூட இருந்த பிள்ளைகள் அதில்தான் திணறினார்கள், எனக்கு அது நம்ம பேச்சு மாதிரியே இருந்தது.

பண விஷயம் உனக்கு மறைக்க வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலான அரசுக் கலைப் பள்ளிகளில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு பருவத்துக்கு 1500 யூரோ. விசாவுக்கு ஒரு வருடச் செலவை முன்கூட்டியே முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நான் போனபோது அது 11,904 யூரோ. மாதம் 992 வீதம் எடுத்துக்கொள்ளலாம். வயதானவர்களை இடிப்பது மருத்துவக் காப்பீடுதான். மாணவர்களுக்கான சலுகைக் கட்டணம் 30 வயதோடு சரி. வேலூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத்தான் போனேன். விற்ற அன்று மல்லிகா சாப்பிடவில்லை. அதை நான் மறக்கவில்லை.

சரி, படிப்புக்கு வருகிறேன். நான் எடுத்திருப்பது அமில அச்சு. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறிப் படம் வரைந்து, அமிலத்தில் போடுவோம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். பிறகு பூச்சைக் கழுவி, மையைத் தேய்த்து, மேலே இருப்பதை உள்ளங்கையாலேயே துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்தினால் பள்ளத்தில் நின்ற மை காகிதத்தில் ஏறும். முதல் நாள் அமிலத் தொட்டி முன்னால் எல்லோரும் தள்ளி நின்றார்கள், நான் மட்டும் கிட்டே போய்விட்டேன். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் அமிலத்தில் தண்ணீரை ஊற்றப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தண்ணீரில்தானே அமிலத்தை ஊற்ற வேண்டும்! தோலை ஓரத்தில் வெட்டி, நிறங்காட்டிப் பச்சைச் சொட்டு விட்டு, நிறம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்ப்போமே, அந்தக் கண்தான் அங்கேயும் வேலை செய்கிறது. எத்தனை நிமிடத்தில் எடுப்பது என்பதில் மட்டும் என் தகடு வீணாவதில்லை. கோடுதான் இன்னும் விறைப்பாக வருகிறது. அந்தப் பிள்ளைகளின் கோடு தண்ணீர் மாதிரி ஓடுகிறது, தாமு. அதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், வயிற்றைப் பிசையவும் செய்யும்.

கேத்தே கோல்விட்ஸ் என்று ஒரு அம்மையார். 1844-ல் சைலீசியாவில் நடந்த நெசவாளர் கலகத்தை ஆறு அச்சுப் படங்களாகச் செய்து 1897-ல் முடித்தார். அடுத்த வருடம் பெர்லின் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கொடுக்கலாம் என்று நடுவர்கள் சொல்ல, ஜெர்மன் பேரரசர் கைசர் மறுத்துவிட்டார். அதில் முதல் படம் ஒரு சாண் அகலம்கூட இராது. இருட்டு அறை, தறி, படுக்கையில் குழந்தை, தலையை இரு கையிலும் பிடித்தபடி தாய். நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எங்கள் வீட்டு நடு அறை அது. அப்பா குழித்தறியில் கால் போட்டு உட்கார்ந்திருப்பார், அம்மா நூலைத் தார் சுற்றுவாள், தம்பி காய்ச்சலில் கிடப்பான். கைலிக்குப் பாவு போட்டுவிட்டால் யாருக்கு என்ன வந்தாலும் தறி நிற்காது. அந்த வீட்டை நான் ஒரு தடவைகூட வரைந்ததில்லை. கோயில், மலை, ஆறு என்று வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் இந்த விடுமுறை முழுக்கத் தறிதான். எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரு தறிக்குத் தினமும் காலையில் போய் உட்காருகிறேன். அந்தப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல். நேற்று என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "கை சரியா இல்லப்பா. கயிற இழுக்கும்போது கட்டைவிரல் இப்பிடி மேல நிக்காது, உள்ள மடங்கும்" என்று தன் கையை எனக்கு முன்னால் நீட்டினார். மறுபடி வரைந்தேன். இன்றைக்கும் அந்த விரல் வரவில்லை.

உன் விஷயத்துக்கு என் யோசனை: ராஜினாமாவை இப்போது எழுதாதே. செராமிக் படிக்க வேண்டும் என்கிறாய். அங்கே சான்றிதழுக்கு முன்னால் நீ செய்த வேலைகளைத்தான் பார்ப்பார்கள். பதினைந்து, இருபது உருப்படியாவது கையில் இருக்க வேண்டும். பானை வனையும் கரிகிரி உனக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வனைபவர் யாரிடமாவது போய் உட்கார், மண் பிசை. அதற்கப்புறமும் ஆசை குறையாவிட்டால் வீட்டில் பேசு. உன் மனைவியிடம் என் மனைவி பேசட்டும், நான் பேசினால் சரிவராது.

வரும் ஞாயிறு நீயே வந்துவிடேன். வரும்போது குரோம் போட்டுப் பதனிடாத ஆட்டுத்தோல் துண்டு இரண்டு, மெல்லியதாகப் பார்த்துக் கொண்டு வா. காகிதத்துக்குப் பதில் அதில் அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்