மாரியம்மன் கோவில் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும், வரி கொடுத்த தலைக்கட்டுக் குடும்பங்களுக்கும், பெங்களூரிலும் ஓசூரிலும் இருந்தபடி பணம் அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் வேலை முடிந்தது. விமானத்துக்குப் பஞ்சவர்ணம், முன்மண்டபத்துக்குக் கருங்கல் தளம், சுற்றுச்சுவர், மடப்பள்ளிக்குப் புதுக் கூரை. கும்பாபிஷேகமும் 48 நாள் மண்டல பூஜையும் நல்லபடி நடந்தன. நீங்களே பார்த்ததுதான். வரவு செலவை ரசீது எண்ணோடு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இங்கே சொல்ல வேண்டியது, அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை.

போன முறை திருப்பணி ஏன் பாதியில் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. கோவில் பணத்தை ஊராருக்கே இரண்டு வட்டிக்கு விடுவது நம் வழக்கம். தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தோட்டத்திலேயே அழுகிய வருடம், வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. அம்மன் பணம் என்று நெருக்கிக் கேட்கவும் வாய் வரவில்லை. வேலை முடியும்வரை என்று பாலாலயம் செய்து வெளியே வைத்த அம்மன் தகரக் கொட்டகையிலேயே இருந்தாள். தவறு குழுவினுடையது.

அந்தச் சமயத்தில்தான் பேங்குக்குப் புது மேனேஜர் அம்மா வந்தார். கோவிலுக்கு லோன் கேட்டுப் போனோம். அதற்கு வழியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஊரில் யார் யாருக்கு வெளியில் எவ்வளவு கடன் என்று விசாரித்தார். எங்களுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஊருக்கு வந்து கோவில் திண்ணையில் உட்கார்ந்தார். "வெளியில மூணு வட்டிக்கே கிடைக்குது, ஏழு வட்டி கேக்கிற பேங்கு எதுக்கும்மா?" என்றார் ஒரு பெரியவர். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் அம்மா கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சுவரில் எழுதினார். மூணு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36. கிசான் கார்டு பயிர்க்கடனின் ஏழு, வருடத்துக்கே ஏழு. தவணைக்குள் கட்டினால் மானியம் போக நான்கு. 10,000 ரூபாய்க்கு அங்கே 3,600, இங்கே 400. பெயின்ட் அடிக்கும் வரை அந்தக் கணக்கு சுவரில் இருந்தது.

அப்புறம் ஒவ்வொருவராகப் பயிர்க்கடன் வாங்கினார்கள். ராகிக்கும் மல்பெரிக்கும் தண்டல்காரரிடம் நின்ற வீடுகள் குறைந்தன. அடகுக்கடையில் இருந்த தாலிக்கொடிகள் சில திரும்பி வந்தன. எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று எழுதினால் பொய். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்துத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார். சில மனுக்கள் இன்றும் அங்கேதான் தூங்குகின்றன.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான திட்டம் 1989-இல் முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். ஆனால் நம் ஊர்க் குழுக்களின் நோட்டுகள் பரணில் கிடந்தன. மேனேஜர் அம்மா அவற்றை இறக்கித் தூசி தட்டச் சொன்னார். வாராவாரம் கூட்டம், சேமிப்பு, பிறகு கறவை மாட்டுக் கடன். இந்த முறை தலைக்கட்டு வரியை நாங்கள் வாசலுக்குப் போகுமுன் கொண்டுவந்து கட்டியது அந்தப் பெண்கள்தான். பால் விற்ற காசு என்று கேலி செய்த ஆண்களின் பாக்கிப் பட்டியலும் சுவரில் இருக்கிறது.

இன்னொன்று. வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு அவர் கையெழுத்து வாங்கியபோது முணுமுணுத்தோம். நம் ஊர்ப் பையன் ஒருவன் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருந்தது. மேனேஜர் அம்மாவே ஓசூரில் ஆள் பிடித்துத் தமிழில் எழுத வைத்து, காகிதங்களைச் சேர்த்து அனுப்பினார். அவன் மனைவி கைக்கு 2 லட்சம் வந்தது. அதில் கோவிலுக்கு ஒரு மணி வாங்கித் தருகிறேன் என்று அவள் வந்தாள். 101 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைப் பிள்ளை பெயரில் போடச் சொல்லி அனுப்பினோம். குழு சண்டை இல்லாமல் எடுத்த ஒரே முடிவு இது.

கோவில் பணத்துக்கும் அவர் சொன்னபடியே தீர்மானம் போட்டு, பான் கார்டு வாங்கி, கணக்கு தொடங்கினோம். மூன்று பேரில் இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே வராது. கூலியைக் கணக்கில் போட்டதால் ஸ்தபதிக்கு முதலில் வருத்தம், பிறகு பழகிவிட்டார். உண்மையில் எங்களுக்குத்தான் பழக நாளானது.

கும்பாபிஷேகத்துக்கு முன்பே மேனேஜர் அம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது. அழைப்பிதழ் அனுப்பினோம். வந்து, கூட்டத்தோடு நின்று தீர்த்தம் வாங்கிக்கொண்டு போனார். மாலை போடத் தேடியபோது பஸ் ஏறியிருந்தார்.

மீதித் தொகை கணக்கிலேயே இருக்கிறது. அதை இரண்டு வட்டிக்குக் கேட்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்