வெள்ள வரைபடத்தைப் படமாகத் தராதீர்கள்

வெள்ள அபாய வரைபடங்களைத் தயாரித்து வெளியிடும் துறையின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. கோரிய வரைபடம் ஏற்கெனவே இணையதளத்தில் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த பிடிஎஃப் எங்களிடமும் இருக்கிறது. நாங்கள் கேட்டது அதை உருவாக்கப் பயன்பட்ட தரவை. வெள்ளம் சூழும் பகுதிகளின் எல்லைகளை, அவற்றின் ஆயத்தொலைவுகளோடும் தேதியோடும், ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பாகத் தாருங்கள். மனுவில் கேட்டதும் இதுதான், இப்போது கேட்பதும் இதுதான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பதிலில் கையெழுத்திட்டவருக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். புவியியல் தகவல் அமைப்பில் ஒரு வீடு ஒரு புள்ளி, ஒரு சாலை ஒரு கோடு, வெள்ளம் சூழும் பகுதி ஒரு மூடிய உருவம். ஒவ்வொன்றும் பூமியில் எங்கே இருக்கிறது என்பது எண்களாகப் பதிவாகியிருக்கும். அதனோடு ஓர் அட்டவணையும் ஒட்டிக்கொண்டு வரும்: இது என்ன, எந்த ஆண்டு அளந்தது, தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்று. இப்படிப் பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கேள்வி கேட்கலாம். வெள்ளப் பகுதிக்குள் எந்தெந்த வீடுகள் விழுகின்றன? அவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மேடான இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? போகும் வழியில் எந்தப் பாலம் மூழ்கும்? பதில் சில நொடிகளில் வந்துவிடும். பிடிஎஃப்பிடம் இதில் ஒன்றையும் கேட்க முடியாது. அதில் இருப்பது நிறம் மட்டும்.

போன வெள்ளத்தின்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தன்னார்வக் குழுவிடம் ஒரு பட்டியல் இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர்கள், நடக்க முடியாத முதியவர்கள் ஆகியோரின் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கைபேசியில் ஜிபிஎஸ் இடம் பதிந்து வைத்திருந்தோம். எச்சரிக்கை வந்த மாலையில் உங்கள் படத்தை மென்பொருளில் ஏற்றி, படத்தில் தெரிந்த சாலைச் சந்திப்புகளைச் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த அதே சந்திப்புகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். ஸ்கேன் செய்யும்போது தாள் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஒரு மூலை பொருந்தினால் எதிர்மூலை விலகியது. குறிவிளக்கத்தில் மூன்று நீலம். படத்தில் எது எந்த நீலம் என்று எங்களில் யாருக்கும் நிச்சயமில்லை.

அப்புறம் அந்த எல்லைக்கோடு. உங்கள் வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். நீங்கள் போட்டிருக்கும் கோடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். ஆக, அந்தக் கோட்டுக்கு அடியில் ஒரு தெருவே படுத்திருக்கிறது. ஆக்சிஜன் கருவியோடு இருந்த ஒரு பாட்டியின் வீடு சரியாக அந்தக் கோட்டுக்கு அடியில் வந்தது. உள்ளேயா, வெளியேயா? தெரியாது. தெரியாதபோது உள்ளே என்றுதான் வைத்துக்கொள்ள முடியும். இருந்த ஒரே வண்டியை அங்கே அனுப்பினோம். அந்தத் தெருவில் தண்ணீர் வரவே இல்லை. படத்தில் வெள்ளையாக இருந்த, இரண்டு தெரு தள்ளிய இடத்தில் இடுப்பளவு வந்தது. அங்கே ஒரு குடும்பம் விடியும்வரை மாடியில் நின்றது. யாருக்கும் உயிராபத்து இல்லை என்பதால் இந்தக் கடிதத்தை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

உங்கள் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: உயர அளவீடு லைடார் மூலம் எடுக்கப்பட்டது என்று. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சித் தரையின் மேடு பள்ளத்தை நுணுக்கமாக அளக்கும் முறை அது. எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு. அதில் சுமார் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் எண். மரங்களின் உச்சியும் கட்டடக் கூரையும் அந்த எண்ணில் கலந்திருக்கும். ஓர் அடி வித்தியாசத்தில் வீடு மூழ்குமா தப்புமா என்று தீர்மானமாகும் சமதளத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மக்கள் பணத்தில் இவ்வளவு நுணுக்கமாக அளந்துவிட்டு, முடிவைத் தடித்த பேனாவால் வரைந்து கொடுப்பது என்ன கணக்கு என்று புரியவில்லை.

இடையில் ஒரு முறை, உங்கள் அலுவலகத்தில் யாரோ இரக்கப்பட்டு, பல கோப்புகள் சேர்ந்த ஜிஐஎஸ் தரவு வடிவமான ஷேப்ஃபைல் அனுப்பினார்கள். நன்றி. ஆனால் வந்தது டாட் எஸ்ஹெச்பி என்ற ஒரே கோப்பு. அதோடு சேர்ந்து வரவேண்டிய அட்டவணைக் கோப்பு இல்லை, அந்த எண்கள் எந்த ஆய முறையில், அதாவது பூமியில் இடத்தைக் குறிக்கும் எந்த அளவு முறையில், உள்ளன என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பும் இல்லை. பழைய நில அளவை அடிப்படைக்கும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகளாவிய அடிப்படைக்கும் இடையே சில இடங்களில் சில நூறு மீட்டர் விலகல் வரும் என்பது உங்கள் துறைக்குப் பாலபாடம். நூறு மீட்டர் தள்ளி விழும் வெள்ளத்தை வைத்து யாரை எங்கே அழைத்துப் போவது? மீதிக் கோப்புகளைக் கேட்டபோது, ஒப்பந்தக்காரரிடம் இருக்கும் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஜிஐஎஸ் தினம் வருகிறது. சுவரளவு திரை, வண்ண வண்ண அடுக்குகள், கைதட்டல். அந்தத் திரையில் வடிகால் துறையின் கோடும் சாலைத் துறையின் கோடும் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டதுண்டா? சந்தித்திருந்தால் புதிதாகப் போட்ட சாலையை மறுமாதமே குழாய்க்காகத் தோண்டுவார்களா? 1960-களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் முதல் ஜிஐஎஸ்ஸை உருவாக்கியதே ஓர் அரசாங்கத்துக்காகத்தான். நாடு முழுவதற்குமான மண், காடு, பயிர் வரைபடங்களைக் கையால் ஒப்பிட்டு மாளாது என்பதால் கணினியிடம் கொடுத்தார்கள். அறுபது ஆண்டு கழித்து நாங்கள் மறுபடி கையால் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, கோபம் எங்கேயோ இழுத்துப் போகிறது. மன்னிக்கவும்.

தரவைத் திறந்துவிட்டால் தவறாகப் பயன்படுத்துவார்கள், நிலத்தின் விலை விழும், பீதி கிளம்பும் என்றெல்லாம் தயக்கம் இருக்கலாம். அதே எல்லையைப் படமாக ஏற்கெனவே ஊருக்கே காட்டிவிட்டீர்களே! லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் ஒரு காலத்தில் விலைக்கு விற்கப்பட்டன. 2008-இல் அந்தச் சேமிப்பு முழுவதையும் இலவசமாக்கினார்கள். பயன்பாடு பல மடங்கு பெருகியது. 2010 ஹைத்தி நிலநடுக்கத்தின்போது செயற்கைக்கோள் படங்களைத் திறந்துவிட்டதும், உலகின் எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தலைநகரின் தெருக்களை வரைந்து தந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்து வேலை பார்த்தன.

ஆகவே தயவுசெய்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன், வெள்ளப் பகுதிகளின் எல்லைகளைத் தரவாகத் தாருங்கள். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவமாக இருந்தால் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். ஷேப்ஃபைல்தான் முடியும் என்றால் அதன் எல்லாப் பாகங்களும் வேண்டும். எந்த ஆய முறை, எந்த ஆண்டு அளவீடு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கில் எடுத்தீர்கள் என்பதையும் கூடவே எழுதித் தாருங்கள். நிபந்தனை ஏதும் இருந்தால் சொல்லுங்கள், கையெழுத்திட்டுத் தருகிறோம். கோப்பு மின்னஞ்சலில் அடங்காத அளவு பெரிதாக இருந்தால் பென் டிரைவோடு நாங்களே வருகிறோம். எந்த அறைக்கு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெள்ள மீட்புத் தன்னார்வலர் ஒருவர்